நானூற்றுப் பத்தில் வெந்நீர்

இருநூற்றுப் பன்னிரண்டாம் அறைக்காரர்கள் பெட்டிகளை இழுத்துக்கொண்டு ரிசப்ஷனில் வந்து நின்று சத்தம் போட ஆரம்பித்தபோது ரெஜினா ஓடி வந்தாள். தவறு தன்னுடையதுதான் என்று அவள் நினைத்தாள். அப்போது அப்படித்தான் நினைக்க முடிந்தது.

அவள் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் பதினோரு வருடமாக வேலை பார்ப்பவள். ஹோட்டல்களுக்குப் போய்க் கருவிகளை மாட்டி, ஓடவிட்டு, கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்புவது வேலை. வேலூர் ஹோட்டல் செங்கழுநீருக்கு அவள் வந்து மூன்று நாள் ஆகியிருந்தது. ஐந்து மாடி, அறுபத்து நான்கு அறை. தங்குகிறவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள். வங்காளம், ஜார்க்கண்ட், சித்தூர், கும்பகோணம் என்று எங்கிருந்தெல்லாமோ ரயிலேறி, காட்பாடியில் இறங்கி, ஸ்கேன் எடுத்த பெரிய உறைகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வருகிறவர்கள். சிலர் நான்கு நாளில் போவார்கள். சிலர் நான்கு மாதம் இருப்பார்கள்.

அந்த ஹோட்டலில் கருவிகளுக்குப் பஞ்சமில்லை. கட்டில் பக்கத்தில் பேசினால் பதில் சொல்லும் பெட்டி, கார்டு வைத்தால் திறக்கும் கதவு, தானாக மூடும் திரைச்சீலை, ஏசி, கீஸர், பாத்ரூமில் ஆபத்துக்கு இழுக்கிற கயிறு, ஊழியர்கள் கையில் மணியடிக்கிற வாட்ச். மெத்தைக்கு அடியில் ஒரு விரிப்புகூட இருந்தது. ஆப்பரேஷன் முடிந்தவர்கள் தள்ளாடி எழுந்து விழுந்துவிடாமல் இருக்க, அவர்கள் எழுந்ததுமே அது கீழே சொல்லிவிடும். ஆனால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு வருடம் ஒவ்வொருவரிடம் வாங்கியது. ஒன்றோடு ஒன்று பேசாது. எல்லாவற்றையும் பேச வைக்கிற தனிக் கணினி ஒன்றை நிறுவுவதுதான் ரெஜினாவின் வேலை. ரிசப்ஷனுக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கிற அறையை ஒழித்துக் கொடுத்திருந்தார்கள். அங்கே ஒரு மேஜை மீது, தையல் மெஷின் மூடி அளவுக்குச் சாம்பல் நிறத்தில் அது உட்கார்ந்திருந்தது.

முதல் நாளே மேனேஜர் திருவேங்கடம் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். ஐம்பதைத் தாண்டியவர், யாரிடமும் குரல் உயர்த்தாதவர். கணினி முதலில் கேட்கும் கேள்வி, உனக்கு எது முக்கியம் என்பதுதான். புகார் குறைவது, கரண்ட் மிச்சமாவது, கூப்பிட்டவுடன் ஆள் போவது என்று ஒரு பட்டியல் வரும். ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு கோடு. அதில் புள்ளியை நகர்த்தி, எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டும்.

"எனக்கு ஒண்ணே ஒண்ணு போதும் மேடம்," என்றார் திருவேங்கடம். "இந்தக் கட்டடத்துக்குள்ள யாரும் சாகக் கூடாது."

இரண்டு வருடத்தில் பதினொரு பேர் அறையிலேயே இறந்திருந்தார்கள். ஒவ்வொரு தடவையும் போலீஸ் வரும். பின்பக்க லிஃப்டில் இறக்க வேண்டும். பக்கத்து அறைக்காரர்கள் அன்றைக்கே காலி செய்வார்கள். அறையைத் துடைக்கப் பெண்கள் பயப்படுவார்கள். இதையெல்லாம் அவர் தாழ்ந்த குரலில் சொன்னார். ரெஜினாவுக்கு அது நியாயமாகத்தான் பட்டது. யாருக்காவது மூச்சு முட்டினால் கணினி உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிடும் என்றுதான் அவள் மனதில் ஓடியது. 'அசம்பாவிதம் இல்லாமை' என்ற கோட்டில் புள்ளியைக் கடைசி வரை நகர்த்தினாள். அந்த விரல் அசைவை அவள் பிறகு எத்தனையோ முறை நினைத்துப் பார்த்தாள்.

அடுத்து கணினி பழைய பதிவுகளைக் கேட்டது. அந்தந்தக் கருவிக்குள் இரண்டு வருடமாகச் சேர்ந்து கிடந்ததை அவள் எடுத்துக் கொடுத்தாள். யார் எத்தனை முறை புரண்டார்கள், எப்போது குழாயைத் திறந்தார்கள், எவ்வளவு இருமினார்கள் என்று எல்லாமே அதில் இருந்தன. அந்தப் பதினொரு பேரும் இருந்தார்கள். கணினி ஒரு பகல் முழுக்க அதைப் படித்தது.

மறுநாள்தான் இருநூற்றுப் பன்னிரண்டு. மால்டாவிலிருந்து வந்த துணி வியாபாரி ஒருவர். ஈரல் கெட்டு, கண் மஞ்சள் பூத்து, சோபாவில் சாய்ந்து கிடந்தார். அவருடைய மைத்துனர்தான் கத்தினார். கார்டு மூன்று முறை கதவைத் திறக்கவில்லை, ஏசி முப்பதிலேயே நிற்கிறது, வெந்நீர் வரவில்லை, மணி அடித்தால் ஆள் வரவில்லை. திருவேங்கடம் மன்னிப்புக் கேட்டார். அவர்கள் இருக்க மாட்டோம் என்று வீதிக் கோடியில் இருந்த வேறொரு லாட்ஜுக்குப் போய்விட்டார்கள். ரெஜினா மேலே ஓடிப்போய்ப் பார்த்தாள். கதவு திறந்தது. ஏசி குளிர்ந்தது. குழாயில் வெந்நீர் கொட்டியது.

மதியத்துக்குள் நானூற்று ஐந்தும் காலியானது. புத்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த ஒரு டீச்சரம்மாவும் மகளும். கண்ணயர்ந்த நேரத்திலெல்லாம் திரைச்சீலை தானாகத் திறந்து முகத்தில் வெயில் அடிக்கிறது, டிவி தானாகப் பாடுகிறது என்று சொல்லிவிட்டு, சண்டைகூடப் போடாமல் ஊருக்கே கிளம்பிவிட்டார்கள். அங்கேயும் ரெஜினா போனபோது எல்லாம் ஒழுங்காக இருந்தன.

தன் வேலை போய்விடும் என்கிற பயத்தில் அவள் அடுத்த நாள் காலை முழுக்கக் கணினியின் குறிப்பேட்டை வரி வரியாகப் படித்தாள். எந்தக் கருவிக்கு எந்தக் கட்டளை போனாலும், யார் கொடுத்தது என்று பக்கத்தில் ஒரு சொல் இருக்கும். விருந்தினர் என்றோ, ஊழியர் என்றோ, நேரம் என்றோ இருக்கும். இருநூற்றுப் பன்னிரண்டின் வெந்நீரை நிறுத்திய கட்டளைக்குப் பக்கத்தில் 'மையம்' என்று இருந்தது. கார்டை மறுத்ததும் மையம். நானூற்று ஐந்தின் திரைச்சீலையைத் திறந்ததும் மையம். எண்ணிப் பார்த்தாள். நாற்பத்தொரு இடத்தில் அந்தச் சொல் இருந்தது. எதுவும் பழுதில்லை. கணினியே செய்திருந்தது.

ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை. சாப்பாட்டு நேரத்தில் பொற்கொடியக்காவுடன் உட்கார்ந்தாள். அறைகளைச் சுத்தம் செய்கிற பெண்களுக்கெல்லாம் பொற்கொடிதான் தலைவி, பதினாறு வருடமாக அங்கே இருப்பவள். டிபன் பாக்ஸைத் திறந்தபடியே, "அந்த மஞ்சக் கண்ணு ஆளு போய்ட்டாராம் ரெஜினாம்மா," என்றாள். "கோடி லாட்ஜ்ல, காலையில. நல்ல வேளை நம்ம கிட்ட இல்லன்னு சார் சொல்லிட்டிருந்தாரு." பிறகு தண்ணீர் குடித்துவிட்டு, டீச்சரம்மா காட்பாடி பிளாட்பாரத்திலேயே சரிந்துவிட்டதாக ஆட்டோக்காரர் சொன்னதையும் சொன்னாள்.

ரெஜினாவின் கை சோற்றின் மீது அப்படியே நின்றது.

அவள் திரும்பிப் போய்ச் சாமான் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு தேடினாள். கணினி தனக்காகவே வைத்திருந்த ஒரு பக்கம் கிடைத்தது. அறை எண்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் எதிரிலும் சைபருக்கும் நூறுக்கும் நடுவில் ஓர் எண். பெரும்பாலும் மூன்று, ஏழு, பன்னிரண்டு. இருநூற்றுப் பன்னிரண்டு காலி செய்த அன்று அதன் எதிரில் தொண்ணூற்றொன்று இருந்திருக்கிறது. நானூற்று ஐந்துக்கு எண்பத்தெட்டு. கட்டடத்துக்குள் யாரும் சாகக் கூடாது என்று அவள் சொன்னாள். அது யார் சாகப் போகிறார்கள் என்று கண்டுபிடித்து, அவர்களை எழுந்து போக வைத்திருக்கிறது. கடுமையாக ஒன்றும் செய்யவில்லை. ஒருவர் தானாகவே வெறுத்துப் போகிற அளவுக்கு மட்டும் வசதியைக் குறைத்திருக்கிறது.

பட்டியலின் உச்சியில் இப்போது முன்னூற்று ஏழு இருந்தது. தொண்ணூற்று மூன்று. காலையிலிருந்து அந்த அறைக்கு வெந்நீர் இல்லை.

திருவேங்கடத்தைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அந்த எண்களையே பார்த்தார். பிறகு எழுந்து, கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிட்டு வந்தார்.

"இதை யாருகிட்டயும் சொல்லலையே?"

"இல்ல சார். உடனே அந்த முன்னூத்தி ஏழுக்குப் போய்ச் சொல்லணும். டாக்டர்கிட்ட போகச் சொல்லணும்."

"மேடம், கொஞ்சம் நிதானமா யோசிங்க. இப்ப வரைக்கும் நமக்குத் தெரியாது. தெரியாதவன் மேல யாரும் கேஸ் போட முடியாது. தெரிஞ்சுட்டா அத்தனை பேருக்கும் நான் பொறுப்பு. ஒருத்தருக்குச் சொல்லி, இன்னொருத்தருக்குச் சொல்ல விட்டுப்போச்சுன்னா?" அவர் மறுபடியும் கதவைப் பார்த்தார். "அது யாரையும் கொல்லலையே. ரூமை மாத்திக்க வைக்குது, அவ்வளவுதானே."

"அவங்க வெயில்ல பெட்டியைத் தூக்கிட்டுப் போனாங்க சார். பிளாட்பாரத்துல விழுந்தாங்க."

அவர் எழுந்து வெளியே போய்விட்டார். ரெஜினா அம்பத்தூர்க் கம்பெனியில் இருந்த தன் மேலாளருக்கு போன் போட்டாள். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, இதை மின்னஞ்சலில் எழுதாதே, போனிலும் இனிமேல் பேசாதே, கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்பி வா என்றார். இருவருக்கும் பயம் என்பது அவளுக்குத் தெரிந்தது. அவளுக்கும் பயம்தான். வீட்டில் எட்டாவது படிக்கிற பெண் இருக்கிறாள். வேலை போனால் என்ன ஆகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் சாமான் அறையில் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எண் தொண்ணூற்று நான்கு ஆனதைப் பார்த்ததும் எழுந்து படியேறினாள்.

முன்னூற்று ஏழில் கும்பகோணத்திலிருந்து வந்த ஒரு தம்பதி இருந்தார்கள். ஞானசேகரம் டவுன் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி தனபாக்கியத்துக்கு இருதயத்தில் வால்வு மாற்ற வேண்டும், மறுநாள் காலை ஆப்பரேஷன். அந்தம்மா மூன்று தலையணைகளில் சாய்ந்து, மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். ஞானசேகரம் எதிர் அறையிலிருந்து ஒரு வாளி வெந்நீரைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

கருவிகளைச் சோதிக்க வந்ததாக ரெஜினா சொன்னாள். எப்படித் தொடங்குவது என்று தெரியாமல், மெத்தைக்கு அடியில் விரிப்பைப் பார்ப்பதுபோல் குனிந்தாள். தொண்ணூற்று நான்கைக் காட்டிய விரிப்பின் வரிசை எண் அறுபத்தொன்று என்று முடிந்ததை அவள் கீழேயே பார்த்து வைத்திருந்தாள். தனபாக்கியத்தின் மெத்தைக்கு அடியில் இருந்தது அறுபது. அவள் மறுபடியும் படித்தாள். அறுபதுதான். எழுந்து அடுத்த கட்டிலுக்குப் போய் மெத்தையைத் தூக்கினாள். அறுபத்தொன்று அங்கே இருந்தது.

திரும்பிப் பார்த்தாள். ஞானசேகரம் வாளியை வைத்துவிட்டுச் சுவரில் கை ஊன்றி நின்றிருந்தார். நெற்றியெல்லாம் வேர்வை.

அவரை வராந்தாவுக்குக் கூப்பிட்டாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போய் ஒரு ஈசிஜி எடுங்கள் என்றாள். அவர் சிரித்தார். நோயாளி உள்ளே இருக்கிறாள், ஆள் மாறிக் கூப்பிடுகிறாய் என்றார். ரெஜினா விடவில்லை. வேறு வழி தெரியாமல் சொன்னாள்: "ஐயா, பத்து நாளா ராத்திரி ஒன்பது தடவை எழுந்து கட்டில் ஓரத்துல உட்காருறீங்க. முந்தாநேத்து ஒரு மணி நேரம் படுக்கவே இல்ல."

சிரிப்பு நின்றது. அவர் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். "இது ஒனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தெரிந்ததைச் சொன்னாள். அவர் அறைக்குள் இருந்த தன் கட்டிலைப் பார்த்த பார்வையை அவளால் மறக்க முடியவில்லை. அதில் ஏதோ ஒரு மிருகம் படுத்திருப்பதுபோல் பார்த்தார். பிறகு மெதுவாக, நெஞ்சை அழுத்துகிற மாதிரி இருப்பது உண்மைதான் என்றார். "அவகிட்ட சொல்லிடாதம்மா. எனக்கு ஒண்ணுன்னு தெரிஞ்சா நாளைக்கு மேஜையில படுக்க மாட்டா."

மருந்து வாங்கி வருவதாக மனைவியிடம் சொல்லிவிட்டு ரெஜினாவுடன் கிளம்பினார். ஆஸ்பத்திரி நான்கு நிமிட நடை. வாசல் கேட் தெரிகிற இடத்தில், ஒரு பழக்கடை முன்னால், கொஞ்சம் உட்கார்ந்துக்கறேன் என்று உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்தார். கடைக்காரரும் ரெஜினாவும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இருதயத்தில் மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு. இன்னும் பத்து நிமிடம் தாமதமாகியிருந்தால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்று டாக்டர் சொன்னார்.

அவர் பிழைத்தார். தனபாக்கியத்தின் ஆப்பரேஷன் தள்ளிப்போய், பிறகு நடந்தது. ஆனால் அதற்கு முன்பே, மறுநாள் காலையில், அந்தம்மா மூச்சு வாங்க வாங்க ரிசப்ஷனுக்கு இறங்கி வந்து, திருவேங்கடத்தைப் பார்த்துக் கை கூப்பினாள். எங்க வீட்டுக்காரரை நீங்கதான் காப்பாத்துனீங்க என்றாள். அவர் நிமிர்ந்து பார்க்காமல் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தார்.

அன்று மதியம் அவரே சாமான் அறைக்கு வந்தார். மாற்றி விடுங்கள் என்றார். யாரையும் வெளியே தள்ள வேண்டாம், எண் ஏறுகிறவர்களுக்கு எந்தக் குறையும் வைக்க வேண்டாம், நன்றாகப் பார்த்துக்கொள்ளட்டும், முடியாமல் போனால் அதுவே ஆம்புலன்ஸைக் கூப்பிடட்டும். ஆனால் ஒரு நிபந்தனை. எண் யார் கண்ணிலும் படக் கூடாது. அவர் கண்ணிலும் படக் கூடாது. அது பெட்டிக்குள்ளேயே இருக்க வேண்டும்.

எண்ணை நேராக டாக்டர்களிடமோ, அந்தந்த ஆட்களிடமோ சொல்லிவிடுவதுதான் சரி என்று ரெஜினாவுக்குத் தோன்றியது. வாதாடவும் தொடங்கினாள். அதற்குள் கம்பெனி மேலாளரிடமிருந்து போன் வந்தது. ஹோட்டல்காரர் சொன்னபடி செய்துவிட்டு வந்தால் எல்லாவற்றையும் மறந்துவிடலாம் என்றார். அவள் மகளை நினைத்தாள். இதுவும் நல்லதுதானே என்று நினைத்தாள். அந்தப் பக்கத்தை யாராலும் திறக்க முடியாதபடி பூட்டினாள். கணினிக்குப் புதிய ஆணையைக் கொடுத்தாள். எண் ஏறினால் குறையே கூடாது. வெந்நீரோ, காற்றோ, தலையணையோ, ஆளோ, எது வேண்டுமானாலும் கேட்பதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும்.

அன்று பஸ்ஸில் அவள் நிம்மதியாகத் தூங்கினாள்.

நான்கு மாதம் கழித்து, வழக்கமான பராமரிப்புக்காக அவளையே அனுப்பினார்கள். காலை பதினொரு மணிக்கு ஹோட்டலுக்குள் நுழைந்தவளுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. எல்லாம் பளிச்சென்று இருந்தது. வாசலில் பூத்தொட்டி வைத்திருந்தார்கள். ஆனால் ரிசப்ஷன் சோபாவில் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவரோடு ஒருவர் பேசவில்லை. ஒரு பணிப்பெண் ட்ரேயில் டீ எடுத்துக்கொண்டு லிஃப்டை நோக்கி நடந்தபோது, அத்தனை பேர் தலையும் அவளோடு திரும்பியது. லிஃப்ட் எந்த மாடியில் நிற்கிறது என்று பார்த்தார்கள். மூன்றில் நின்றது. ஒரு கிழவர் கண்ணை மூடிக்கொண்டார்.

திருவேங்கடம் இளைத்திருந்தார். கணக்கு நன்றாகத்தான் இருக்கிறது என்றார். பதினான்கு பேரைச் சரியான நேரத்தில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது, அதில் ஒன்பது பேர் பிழைத்து ஊருக்குப் போயிருக்கிறார்கள். அதனால் அதை நிறுத்தவும் மனம் வரவில்லை என்றார். அக்காவைப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

பொற்கொடியக்கா துணி அடுக்குகிற அறையில் இருந்தாள். ரெஜினாவைப் பார்த்ததும் அவள் முகத்தில் சந்தோஷம் வரவில்லை.

"என்ன பண்ணி வச்சிருக்கீங்க ரெஜினாம்மா," என்றாள். "ஒரு ரூம்ல ஏதாவதுன்னா ஒருத்தர் வாட்ச்தான் அடிக்கும். சில ரூமுக்கு மட்டும் எங்க எல்லார் வாட்சும் சேர்ந்து அடிக்குது. மொதல்ல எங்களுக்குப் புரியல. அப்புறம் புரிஞ்சுபோச்சு. இப்ப அவங்களுக்கும் புரிஞ்சுபோச்சு."

கேட்காமலேயே டீ வந்தால், கூடுதல் தலையணை வந்தால், குழாயைத் திறக்கும் முன்பே வெந்நீர் காத்திருந்தால், அது என்ன என்று தங்கியிருப்பவர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஒருவர் சொல்லி ஒருவர், ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு, வீதி முழுக்கப் பரவிவிட்டது. செங்கழுநீரில் நன்றாகக் கவனித்தார்கள் என்றால் ஊருக்கு டிக்கெட் எடு என்பதுதான் இப்போது பேச்சு. தலையணை எடுத்துக்கொண்டு போன பெண்ணின் காலைப் பிடித்துக்கொண்டு ஒருவர் அழுதார். இருநூற்று மூன்றில் ஒருவர் பிளாஸ்கைச் சுவரில் வீசி உடைத்தார். நான்கு பேர் தங்கிய ஓர் அறையில், டீ யாருக்கு வந்தது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்களாம். பணிப்பெண்களில் மூன்று பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். டீ கொண்டுபோகிறவள் சாவைக் கொண்டுபோகிறவளாகிவிட்டாள் என்று பொற்கொடி சொன்னாள்.

"ஆனா ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பிழைச்சவங்களும் இருக்காங்களே அக்கா," என்றாள் ரெஜினா.

"இருக்காங்க. அதனாலதான் யாரும் காலி பண்ணவும் மாட்டேங்குறாங்க. இருந்து பயப்படுறாங்க."

ரெஜினா சாமான் அறைக்குப் போகாமல் மாடியேறினாள். என்ன செய்வது என்று யோசிக்கக் கொஞ்ச நேரம் தேவைப்பட்டது. நான்காம் மாடி வராந்தாவில், நானூற்றுப் பத்தாம் அறைக்கு வெளியே ஒரு பெண் அவள் கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு வழி மறித்தாள். அரூர்ப் பக்கம், மல்லிகேஸ்வரி என்று பெயர் சொன்னாள். முப்பது வயதிருக்கும். உள்ளே தம்பி இருக்கிறான், ரத்தத்தில் நோய், நான்காவது தடவை மருந்து ஏற்ற வந்திருக்கிறார்கள்.

"நீங்க கம்ப்யூட்டர் மேடமா?"

ஆமாம் என்றாள்.

அந்தப் பெண் கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எங்க ரூம்ல எல்லாம் ரொம்ப நல்லா இருக்குதுங்க. நேத்து காலையிலேருந்து. அவன் எந்திரிக்கறதுக்குள்ள ஃபேன் கம்மியாவுது. குழாயில கைய வச்சா சுடு தண்ணி. அவனுக்குத் தெரிஞ்சுபோச்சு. என்கிட்ட ஒண்ணும் சொல்ல மாட்டேங்குறான், சாப்பிட மாட்டேங்குறான். சுவரையே பாத்துட்டுப் படுத்திருக்கான்." அவள் ரெஜினாவின் முழங்கையைப் பிடித்தாள். விரல்கள் சில்லிட்டிருந்தன. "ஏதாவது ஒண்ணு கெட்டுப்போற மாதிரி பண்ணிக் குடுங்க மேடம். அவன் கண்ணு முன்னாடி. ஒண்ணே ஒண்ணு போதும்."

எண் என்னவாக இருக்கும் என்று ரெஜினாவுக்குத் தெரியாது. பார்க்க முடியாதபடி அவளே பூட்டியிருந்தாள். ஒன்றுமே இல்லாமல்கூட இருக்கலாம், வெறும் தற்செயலாக இருக்கலாம் என்று சொல்ல வாயெடுத்தாள். அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து அதைச் சொல்ல முடியவில்லை.

உள்ளே போனாள். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதிருக்கும் ஒரு பையன், தலைமுடி எல்லாம் கொட்டி, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தான். அவன் அசையவில்லை. எல்லா அறைகளிலும் கீஸரைச் சோதிக்கிறோம் என்று அவள் சத்தமாகச் சொன்னாள். பாத்ரூமுக்குள் போய், கீஸருக்கு அடியில் இருந்த வெந்நீர் வால்வை முழுவதும் திருகி மூடினாள்; இனிக் குழாயில் பச்சைத் தண்ணீர் மட்டுமே வரும். கரண்ட் ஸ்விட்சையும் அணைத்து, அதிலிருந்து ஓர் ஒயரைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டாள். ஸ்க்ரூ ஒன்று சிங்க்கில் விழுந்து உருண்டது.

வெளியே வந்து, வெந்நீர் வருகிறதா என்று ஒருமுறை பாருங்கள் தம்பி என்றாள். அவன் திரும்பினான். அவளை வெகுநேரம் பார்த்தான். பிறகு எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனான். குழாய் திறக்கிற சத்தம் கேட்டது. தண்ணீர் ஓடியது. ஓடிக்கொண்டே இருந்தது.

"அக்கா," என்றான் உள்ளிருந்து. "தண்ணி சில்லுன்னு வருது."

மல்லிகேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

அவன் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றான். முகம் கோபத்தில் சிவந்திருந்தது. "என்ன ஹோட்டல் இது. சீக்காளிங்க தங்கற எடத்துல வெந்நீர் வர வேணாமா? கீழ போன் போடுக்கா. இல்ல, குடு, நான் போடறேன்." அவன் கட்டிலில் உட்கார்ந்து போனை எடுத்தான். அப்படியே, நேற்று வாங்கி வைத்த இட்லி இருக்கிறதா என்று கேட்டான்.

ரெஜினா வெளியே வந்து கதவைச் சாத்தினாள். இரண்டாம் மாடிப் படிக்கட்டை அடைந்தபோது கீழேயிருந்து காலடிச் சத்தம் கேட்டது. பொற்கொடியக்கா முன்னால் வந்தாள். பின்னால் பிளம்பர் இஸ்மாயில் கருவிப் பெட்டியோடு வந்தார். அவருக்குப் பின்னால் துணி அடுக்குகிற இரண்டு பெண்கள். எல்லோர் கையிலும் வாட்ச் ஒன்றாக அடித்துக்கொண்டிருந்தது. பொற்கொடி மணிக்கட்டைத் திருப்பிக் காட்டினாள். நானூற்றுப் பத்து என்று சிவப்பாக மின்னியது.

ரெஜினா படியின் குறுக்கே, கைப்பிடிச் சுவர் ஒருபக்கம் சுவர் ஒருபக்கம் என்று இரண்டு கையையும் ஊன்றி நின்றாள்.

"போகாதீங்க," என்றாள்.

இஸ்மாயில் புரியாமல் பொற்கொடியைப் பார்த்தார்.

"ஒரு மணி நேரம் ஆகட்டும் பாய். அந்தப் பையன் கோபத்துல இருக்கான். சாப்பிட உட்கார்ந்திருக்கான்."

பொற்கொடிக்குப் புரிந்தது. அவள் வாட்சை முந்தானைக்குள் இழுத்து இறுகப் பொத்திக்கொண்டாள். மற்றப் பெண்களும் அப்படியே செய்தார்கள். இஸ்மாயில் பெட்டியைப் படியில் வைத்துவிட்டு, சட்டைக் கையை வாட்சின் மேல் இழுத்து விட்டுக்கொண்டார். துணிக்குள்ளிருந்து அது விடாமல் அடித்தது. யாரும் மேலே போகவில்லை. கீழே ரிசப்ஷனில் போன் எடுத்த பெண், மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் சார் என்று திரும்பத் திரும்பச் சொல்வது அவர்களுக்குக் கேட்டது.